சென்னையிலிருந்து பாரிஸ்: 8,030 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை கேட்டது. அவருடைய மகள் மேற்படிப்புக்காக ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் போகிறாள். தூரம் பார்க்கும் தளம் ஒன்றில் சென்னை–பாரிஸ் 8,030 கி.மீ., பயண நேரம் ஒன்பதரை மணி என்று போட்டிருக்கிறது. துபாய் வழி டிக்கெட் ஒன்றில் அதிகாலை 4.00க்குக் கிளம்பி பகல் 1.30க்குச் சேருவதாக இருக்கிறது. அதுவும் ஒன்பதரை மணிதான், ஆகவே கணக்குச் சரி என்கிறார். ஆனால் தோஹா வழியாக விலை குறைந்த இன்னொரு டிக்கெட்டில் 22 மணி நேரம் என்று இருக்கிறது. வளைகுடா வழியாகப் போவது அவ்வளவு பெரிய சுற்றா? புதுச்சேரி விமான நிலையத்திலிருந்தே கிளம்ப வழி உண்டா? இவைதான் அவர் கேட்பவை.

ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு ஒன்பதரைக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. தளம் சொல்வது நடுவில் எங்கும் நிற்காமல் பறந்தால் ஆகும் நேரம். உங்கள் டிக்கெட்டில் நீங்கள் கழித்துப் பார்த்தது இரண்டு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசம். துபாய் வழிப் பயணம் உண்மையில் 13 மணி நேரம். எப்படி என்று கீழே வருகிறேன்.

தளத்தின் கணக்கிலிருந்து தொடங்குவோம். இதுபோன்ற தளங்கள் பெரும்பாலும் செய்வது ஒரு வகுத்தல்தான். 8,030ஐ மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் 8 மணி 55 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணியைச் சேர்த்தால் ஒன்பதரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். காற்று, பாதை, மூடிய வான்வெளி எதுவும் அதில் கிடையாது. இன்னொரு தளத்தில் 4,990 என்றோ 4,335 என்றோ பார்த்தால் பதற வேண்டாம். முன்னது மைல், பின்னது கடல் மைல். தூரம் ஒன்றேதான்.

அந்த 8,030 என்பது பூமி உருண்டை மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே போகக்கூடிய மிகக் குறுகிய கோடு. சுவரில் மாட்டிய தட்டையான உலகப் படத்தில் சென்னையையும் பாரிஸையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு அரபிக்கடல், அரேபியப் பாலைவனம், மத்தியதரைக் கடல் என்று போகும். அப்படியே திசை மாறாமல் போனால் சுமார் 200 கி.மீ. கூடுதலாகும். வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நன்றாக வடக்கே ஏறிப் போகும். நான் கணக்குப் போட்டுப் பார்த்த வரையில் அந்தக் கோடு சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, கர்னூல் பக்கமாகப் போய், மகாராஷ்டிரத்தைக் குறுக்கே வெட்டி, மும்பைக்கு வடக்கே டாமன் அருகில் கடலைத் தொட்டு, காந்திதாம் மேலாகக் கட்ச் பகுதியைக் கடந்து, கராச்சிக்குச் சற்று வடக்கே பாகிஸ்தானைக் கடக்கிறது. பிறகு கிழக்கு ஈரான், காஸ்பியன் கரையில் ராஷ்ட், ஆர்மீனியாவின் யெரெவான், கருங்கடல், உக்ரைன் எல்லையோரம் தன்யூப் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், புடாபெஸ்ட், தென்ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், அப்புறம் பாரிஸ். கடலூரில் உட்கார்ந்துகொண்டு பாரிஸ் என்றால் நேர் மேற்கே இருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். கிளம்பும்போது விமானத்தின் மூக்கு ஏறக்குறைய சரிபாதி வடமேற்கில் இருக்க வேண்டும்.

இந்தக் கோட்டின் மேலேயே பறக்கும் விமானம் கிடையாது. அது கடக்கும் நாடுகளின் பட்டியலை இன்னொரு முறை படித்தால் காரணம் தெரியும். 2019 பிப்ரவரி கடைசியில் மூடிய பாகிஸ்தான் வான்வெளி ஜூலை நடுவில்தான் முழுதாகத் திறந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்கு மறுபடி மூடினார்கள். அந்தத் தடையை மாதாமாதம் நீட்டிக்கொண்டு போனார்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு இல்லை. 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டையின்போது ஈரானும் ஈராக்கும் மூடின. அதே மாதம் 23ஆம் தேதி கத்தார்கூடச் சில மணி நேரம் மூடியது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் பாதி வழியில் திரும்பின. ஆகவே காகிதத்தில் 8,030 என்பது வானத்தில் 8,300 ஆகலாம், 8,500ம் ஆகலாம். எந்த வாரம் பறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சென்னையிலிருந்து துபாய்க்கோ தோஹாவுக்கோ போகும் விமானம் தீபகற்பத்தைக் கடந்து அரபிக்கடல் மேல் போய்விடுவதால் பாகிஸ்தான் தடை அதைத் தொடுவதில்லை. டெல்லி வழியாக இந்திய விமானத்தில் போவோருக்குத்தான் அந்தச் சுமை.

அடுத்தது காற்று. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், போகும்போது ஒரு நேரம் வரும்போது ஒரு நேரம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு “தப்பாகப் போட்டுவிட்டீர்களா” என்று கேட்பவர்கள் அதிகம். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், நம் வட அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஒரு காற்றாறு உண்டு. ஜெட் காற்று என்பார்கள். குளிர்காலத்தில் அது வட இந்தியா வரை தெற்கே இறங்கி வந்து பலமாக ஓடும். மணிக்கு 150, 200 கி.மீ. வேகமெல்லாம் அதற்குச் சாதாரணம். பாதை முழுக்கச் சராசரியாக 80 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால், 900இல் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்தவரை 820இல்தான் நகர்கிறது. 8,030 கி.மீ.க்கு 9 மணி 47 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளினால் 980. அதே தூரம் 8 மணி 12 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றரை மணிக்கு மேல் வித்தியாசம். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுதாக மீட்டுவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியும் ஆகாது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், காற்றே இல்லாத நாளைவிட எட்டு நிமிடத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதுதான் காரணம்.

உங்கள் மகள் போவது ஆகஸ்டில். அது நல்ல காலம்தான். தென்மேற்குப் பருவமழை நடக்கும் மாதங்களில் மேற்குக் காற்று வடக்கே ஒதுங்கிவிடும். தென்னிந்தியாவுக்கு மேலே நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகக் காற்று ஓடும். அதை 1950களில் அடையாளம் கண்டு உலகத்துக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடீஸ்வரம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், கீழ் ஓரம் முதல் சில மணி நேரத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். ஜனவரியில் பொங்கல் முடிந்து ஊரிலிருந்து பாரிஸ் திரும்புகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் புதுச்சேரி வந்து சேரும் மாதம்கூடப் பருவக்காற்றைப் பார்த்துத்தான் முடிவாகும். காற்றைக் கேட்டுக் கிளம்பும் வழக்கம் அந்த வகையில் நம் கரைக்குப் புதிதில்லை.

இனி அந்த 4.00 – 1.30 கணக்கு. டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் கோடையில் நமக்கு மூன்றரை மணி பின்தங்கியும், குளிர்காலத்தில் நாலரை மணி பின்தங்கியும் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மாற்றம், அக்டோபர் கடைசி ஞாயிறு இன்னொரு மாற்றம். ஆகஸ்டில் பாரிஸில் பகல் 1.30 என்றால் கடலூரில் மாலை 5.00. அதிகாலை 4.00 முதல் மாலை 5.00 வரை 13 மணி. பிரித்துப் பார்த்தால், சென்னையிலிருந்து துபாய் 4 மணி 10 நிமிடம், துபாயில் காத்திருப்பு 1 மணி 40 நிமிடம், துபாயிலிருந்து பாரிஸ் 7 மணி 10 நிமிடம். அவள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இந்தக் கணக்கு நாலரைக்கு மாறியிருக்கும். அப்போது டிக்கெட் நேரத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு “போனதைவிட வர ரொம்ப நேரமாகிறதே” என்று கேட்காதீர்கள். கடிகாரம்தான் அப்படிக் காட்டும். காற்று தள்ளுவதால் பறக்கும் நேரம் உண்மையில் குறைந்திருக்கும்.

வளைகுடா பெரிய சுற்றா என்று கேட்டீர்களே, என் பார்வையில் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி அதுதான். சென்னை–துபாய் சுமார் 2,940 கி.மீ. துபாய்–பாரிஸ் சுமார் 5,240. கூட்டினால் 8,180. நேர்க்கோட்டைவிட 150 கி.மீ.தான் அதிகம். கடலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் போகும் தூரம்கூட அதைவிடச் சற்று அதிகம். தோஹா வழியாக 230 போல அதிகம். பிராங்க்பர்ட் வழியென்றால் சுமார் இருபது கி.மீ.தான், கிட்டத்தட்ட நேர்க்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும் ஊர் அது. டெல்லி 300, லண்டன் 550க்கு மேல். லண்டன் பாரிஸைத் தாண்டி இருப்பதால் போய்த் திரும்ப வேண்டும். லண்டனுக்கு, அங்கே விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசா விதியையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். கொழும்பு வழியாகவும் பாரிஸுக்கு விமானம் உண்டு. அது 1,100 கி.மீ. கூடுதல், அதுகூட ஒன்றேகால் மணிப் பறப்புதான்.

ஆக, தோஹா டிக்கெட்டின் 22 மணி நேரத்துக்குத் தூரம் காரணமே இல்லை. பறப்பு பன்னிரண்டு மணியைத் தாண்டாது. மீதிப் பத்து மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் போகிறது. விலை குறைவாக இருப்பதும் அதனால்தான். யாரும் விரும்பாத காத்திருப்பைக் கழிவு விலையில் விற்கிறார்கள். என்னிடம் டிக்கெட் போட வருகிறவர்கள் “எந்த வழி கிட்ட” என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியது “நடுவில் எத்தனை மணி உட்கார வேண்டும்” என்பது. முதல்முறை தனியாகப் போகும் பிள்ளைக்கு இரண்டரையிலிருந்து நான்கு மணி வரை காத்திருப்பு இருந்தால் நல்லது. உங்கள் துபாய் டிக்கெட்டின் 1.40 சற்று நெருக்கம்தான். ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருப்பதால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப்போய் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பிராங்க்பர்ட் வழியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கேதான் இமிக்ரேஷன். அதாவது விசா சோதனையும் கேள்வியும் பிராங்க்பர்ட்டிலேயே முடிய வேண்டும், அதற்குப் பிறகு பாரிஸ் விமானத்தைப் பிடிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் குறுகிய கால விசாவில் வருகிற வெளிநாட்டவருக்குக் கைரேகை, புகைப்படம் எடுத்துப் பதியும் புதிய முறையும் வந்துவிட்டதால் வரிசை நகர்வது மெதுவாகலாம். நீண்ட கால மாணவர் விசாவுக்கு அந்தப் பதிவு இல்லை என்றாலும், அதே கூட்டத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். துபாய், தோஹா வழியில் இந்த வேலை பாரிஸில், அடுத்த விமானம் பிடிக்கும் பதற்றம் இல்லாமல் நடக்கும். முதல் பயணத்துக்கு நான் வளைகுடா வழியைச் சொல்வது இதற்காகத்தான்.

புதுச்சேரி விமான நிலையம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கிய சேவை ஏடிஆர் என்ற சிறிய ரக விமானத்தில்தான். எட்டாயிரம் கி.மீ.க்கு எரிபொருள் நிரப்பிய பெரிய விமானம் எழும்ப ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் வேண்டும். நீட்டிப்பதற்கான நிலமோ தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது, பல வருடமாகப் பேசுகிறார்கள். லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூர் போய், அங்கிருந்து ஏர் பிரான்ஸின் நேரடிப் பாரிஸ் விமானத்தைப் பிடிக்க முடியும்தான். ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு தனி டிக்கெட். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், நேரமும் பொருந்த வேண்டும். காரிலேயே பெங்களூர் போகலாமென்றால், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, நகரத்துக்கு அந்தப் பக்கம் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை எட்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் மிச்சப்படும் நேரம் சாலையில் போய்விடும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அதிகாலை 4.00 விமானத்துக்கு 1.00 மணிக்கு சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக நான்கு மணி நேரம். ஈ.சி.ஆர். வழி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சனி ஞாயிறுகளில் மகாபலிபுரத்திலிருந்து சென்னை வரை கார் வரிசை. திண்டிவனம் வழியும் ஞாயிறு இரவில் சுகமில்லை, விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டம் பெருங்களத்தூரில் நின்றுவிடும். பயண நாள் திங்கட்கிழமை அதிகாலையாக அமைந்தால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். ஆக எந்த நாளாக இருந்தாலும் இரவு 8 மணிக்கு மேல் தாமதிக்கக் கூடாது, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பாரிஸில் 1.30க்கு இறங்கினால் இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி. ஆர்.ஈ.ஆர். பி என்ற ரயிலில், பாரிஸ் நகருக்குள் இருக்கும் கார் து நோர் (Gare du Nord) ரயில் நிலையம் அரை மணிக்குச் சற்று மேல். அங்கிருந்து தங்குமிடம் போய்ச் சேர மாலை 4 மணி ஆகிவிடும். நம் கடிகாரத்தில் இரவு 7.30. இருபத்து மூன்றரை மணி நேரத்தில் வானத்தில் இருப்பது 11 மணி 20 நிமிடம்தான். அந்தக் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லா ஷப்பேல் இருக்கிறது, தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்கள். முதல் நாள் இட்லிக்கு ஏங்கினால் போய் வரலாம் என்று சொல்லி வையுங்கள்.

கடைசியாகத் தேதி. டிக்கெட்டில் 28ஆம் தேதி 04.00 என்று இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 27ஆம் தேதி இரவு. 28ஆம் தேதி இரவு பெட்டியோடு விமான நிலையம் வந்து, விமானம் முந்தைய அதிகாலையே போய்விட்டது என்று தெரிந்து வாசலில் நிற்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கார் சொல்லும்போதும், உறவினருக்கு வழியனுப்ப வரச் சொல்லும்போதும் 27 என்றே சொல்லுங்கள்.